நாய்க்குட்டி மருந்தாகுமா?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் சிற்றூர் ரிங்லெட். பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் மலர்த் தோட்டங்களும் பரவியுள்ளன. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களும் இவ்வட்டாரத்தில் உள்ளன. இம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தோட்டக் குடியிருப்புகளில் ஆடு, மாடு, கோழி, நாய், பூனை ஆகியவை மனிதரோடு சேர்ந்தே வாழ்ந்து வந்துள்ளன. ஆகவே, விலங்கு வளர்ப்பு இங்குள்ள குடும்பங்களுக்குப் புதிது அன்று.

ஆயினும், இக்காலத்தில் ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. ஓரிடத்தில் அமராமல் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று கூறிவிட்டால், உறவினரும் அண்டை வீட்டாரும் பல அறிவுரைகள் வழங்குவர். அவற்றுள் ஒன்று, “ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள். பொறுப்பு தானாக வந்துவிடும்” என்பது. இவ்வறிவுரை நல்லெண்ணத்தில் பிறப்பது. ஆனால், இதை அப்படியே ஏற்கும் முன் குடும்பத்தார் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில், இம்முடிவில் இரண்டு உயிர்களின் நலன் அடங்கியுள்ளது. ஒன்று பிள்ளை, மற்றொன்று அந்த நாய்க்குட்டி.

ஏ.டி.எச்.டி. என்றால் என்ன?

கவனக்குறைவும் மிகைச்செயலும் கொண்ட நிலையே ஏ.டி.எச்.டி. எனப்படுகிறது. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் இது வருவதில்லை. பிள்ளையின் பிடிவாதமும் இதற்குக் காரணம் அன்று. இதன் அறிகுறிகளை மூன்றாகப் பிரிக்கலாம். கவனம் எளிதில் சிதறுதல், உடல் ஓயாமல் இயங்குதல், எண்ணிப் பாராமல் சட்டென்று செயல்படுதல் ஆகியவை அம்மூன்றாகும். எல்லாப் பிள்ளைகளிடமும் இம்மூன்றும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. சிலர் வகுப்பில் அமைதியாகவே அமர்ந்திருப்பர். ஆனால், அவர்களுடைய மனம் பாடத்தில் இராது. இத்தகைய பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பல ஆண்டுகள் கண்டறியப்படாமலே போவதும் உண்டு.

இந்நிலையை 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கியுள்ளார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இந்நிலை இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே, ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பது வியப்புக்குரியது அன்று.

ஓடியாடும் பிள்ளைகள் அனைவருக்கும் ஏ.டி.எச்.டி. உள்ளது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். இவற்றை ஆராய்ந்து முடிவு கூறும் தகுதி பயிற்சி பெற்ற மருத்துவருக்கே உண்டு. மலேசியச் சுகாதார அமைச்சு இதற்கான மருத்துவ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெற்றோருக்கான பயிற்சி, நடத்தைப் பயிற்சி, பள்ளியின் ஒத்துழைப்பு, தேவைப்படும்போது மருந்து ஆகியவையே சிகிச்சையின் தூண்கள். மலைப்பகுதியில் வாழும் குடும்பங்கள் சிறப்பு மருத்துவரைக் காண நெடுந்தொலைவு செல்ல நேரிடலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நன்றன்று. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை அணுகி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெறுவதே முதற்படி.

அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, இப்பிள்ளைகளைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. மூளையின் மேலுறை வளர்ந்து தன் முழுத் தடிப்பை எட்டும் வயதை அவர்கள் அளந்தனர். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ ஏழரை வயதாக இருந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கோ ஏறத்தாழப் பத்தரை வயதாக இருந்தது. கவனத்தையும் திட்டமிடுதலையும் ஆளும் முன்மூளைப் பகுதியில் இத்தாமதம் மிகுதியாகக் காணப்பட்டது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலம்தான் தாழ்ந்தது. ஆகவே, வயதைப் பார்த்து மட்டும் ஒரு பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைப்பது பொருத்தமாகாது. விலங்கு வளர்ப்பைப் பற்றி எண்ணும்போது இக்கருத்தை மறவாதிருத்தல் வேண்டும்.

விலங்கின் துணையும் ஆய்வின் முடிவும்

விலங்குகள் மனித மனத்திற்கு ஆறுதல் தரும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே அறியும். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796ஆம் ஆண்டில் வில்லியம் டியூக் மனநலம் குன்றியோருக்காக ஓர் இல்லத்தைத் திறந்தார். அங்கு நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதற்கு மாறாக, முற்றத்தில் முயல்களையும் கோழிகளையும் பழகவிட்டனர். 1961ஆம் ஆண்டில் போரிஸ் லெவின்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர், தம் நாயான ஜிங்கிள்ஸ் சிகிச்சை அறையில் இருந்தபோது, பிறரோடு பேசாத ஒரு சிறுவன் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியதைச் சக உளவியலாளர்களிடம் எடுத்துரைத்தார். அதன் பின்னரே இத்துறையில் ஆய்வுகள் பெருகின.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளைக் குறித்த முக்கியமான ஆய்வு ஒன்று, இர்வைனில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சப்ரினா ஷக் தலைமையில் நடந்தது. அதன் முடிவுகள் 2018ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 88 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். அவர்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் பிறரோடு பழகும் திறன்கள் கற்பிக்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் பயிற்சி பெற்ற நாய்கள் உடனிருந்தன. பன்னிரண்டு வாரங்களின் முடிவில் இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. நாய்கள் இருந்த பிரிவில் கவனமும் பழகும் திறனும் எட்டாம் வாரத்திலேயே கூடுதலாக மேம்பட்டிருந்தன. ஆனால், ஓயாத இயக்கத்திலும் எண்ணாமல் செயல்படுவதிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வாய்வைச் செய்தித் தலைப்பாக மட்டும் படிப்போர், ‘நாய் வளர்த்தால் ஏ.டி.எச்.டி. குணமாகும்’ என்று முடிவு செய்துவிடக்கூடும். கூர்ந்து படித்தால் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, அங்கிருந்தவை தேர்வு செய்து பழக்கப்பட்ட நாய்கள். அவற்றைக் கையாளத் தனி ஆள்கள் இருந்தனர். இரண்டாவது, பிள்ளைகள் அந்நாய்களை வளர்க்கவில்லை. பயிற்சி முடிந்ததும் பிள்ளையும் வீடு திரும்பியது. நாயும் தன் வீடு திரும்பியது. உணவு வைத்தல், கழிவை அகற்றுதல், நோய்க்கு மருந்து கொடுத்தல் ஆகிய எதுவும் பிள்ளையின் வேலையாக இருக்கவில்லை. மூன்றாவது, நாய் இல்லாத பிரிவினரும் முன்னேறினர். அப்படியாயின், முன்னேற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது முறையான பயிற்சி. நாய் அப்பயிற்சிக்குத் துணை நின்றது.

சிகிச்சைக்குத் துணைபுரியும் விலங்கு வேறு. வீட்டில் வளரும் செல்லப்பிராணி வேறு. இவ்வேறுபாட்டை உணராததால்தான் பல குடும்பங்கள் செல்லப்பிராணியிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்து ஏமாற்றமடைகின்றன.

நன்மையும் இடரும்

செல்லப்பிராணி மருந்தாகாது. ஆயினும், அது பயனற்றது என்றும் பொருளாகாது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை நாள்தோறும் பலமுறை கண்டிக்கப்படுகிறது. “எத்தனை தடவை சொல்வது?” என்னும் கேள்வியை அது வீட்டிலும் கேட்கிறது; பள்ளியிலும் கேட்கிறது. நாயோ பூனையோ அவ்வாறு கேட்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து அது வாலாட்டுவதில்லை. மேலும், இப்பிள்ளைகளுக்குப் பயன் உடனே கண்முன் தெரிந்தால்தான் ஊக்கம் பிறக்கும். மாத இறுதியில் கிடைக்கும் பரிசைவிட, கிண்ணத்தை வைத்தவுடன் ஓடிவரும் நாயின் மகிழ்ச்சி அவர்களை எளிதில் ஈர்க்கிறது. நாயோடு நடப்பதாலும் விளையாடுவதாலும் உடலுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. நண்பர்களிடம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு, “இதன் பெயர் என்ன?” என்று பிறர் கேட்பதே உரையாடலின் தொடக்கமாக அமைகிறது.

இடரும் இங்கேயே தொடங்குகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களைப் புதுமை பெரிதும் கவரும். நாய்க்குட்டி வீட்டிற்கு வந்த முதல் வாரத்தில் பிள்ளை அதைவிட்டு அகலாது. சில வாரங்கள் சென்றபின் புதுமை குறையும். தண்ணீர்க் கிண்ணம் வற்றிக் கிடக்கும். கூண்டு கழுவப்படாமல் நாறும். அப்போது பெரியவர்கள், “ஆசைப்பட்டுக் கேட்டாயே, இப்போது அன்பு எங்கே போயிற்று?” என்று கடிந்துகொள்வர். பிள்ளையும் தனக்கு அன்பே இல்லையோ என்று நம்பத் தொடங்கும். உண்மையில் குறைந்தது அன்பு அன்று. நினைவில் நிறுத்தும் ஆற்றலே அங்குத் தடுமாறுகிறது. பசியோடிருக்கும் நாயைக் கண்டால் கண்கலங்கும் பிள்ளையே, அந்நாய்க்குச் சோறு வைக்க மறக்கவும் செய்யும். மறதி வேறு, அன்பின்மை வேறு.

எனவே, ‘பொறுப்பைக் கற்பிக்க’ என்று ஒரு விலங்கைப் பிள்ளையின் கையில் முழுமையாக ஒப்படைப்பது இருவருக்கும் இழைக்கும் தீங்காகும். பிள்ளை தோற்கும் ஒவ்வொரு முறையும் விலங்கு பட்டினி கிடக்கும். ஓர் உயிரின் உணவும் நீரும் ஒரு சிறுபிள்ளையின் நினைவாற்றலை நம்பி இருத்தல் கூடாது.

பொறுப்பைப் பகிரும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ரிங்லெட்டின் தோட்டக் குடியிருப்பில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். தந்தை தேயிலை ஆலையில் பணிபுரிகிறார். தாயார் மலர்த் தோட்டத்திற்குச் செல்கிறார். மகள் இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். ஏ.டி.எச்.டி. உள்ள மகனுக்கு வயது பதினொன்று. அவன் ஒரு நாயை வளர்க்க விரும்புகிறான். இக்குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இவன் நாயைப் பார்த்துக்கொள்வானா?” என்பது அன்று. “இவன் ஒரு நாள் மறந்தால், அன்று நாய்க்கு யார் சோறு வைப்பார்?” என்பதே முதற்கேள்வி. இதற்குப் பெரியவர் ஒருவர் “நான்” என்று உறுதியாகக் கூற முடிந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குச் செல்லலாம்.

இரண்டாவதாக, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். “நாயைப் பார்த்துக்கொள்” என்பது ஒரு கட்டளை போலத் தோன்றினாலும், அதனுள் பத்து வேலைகள் மறைந்துள்ளன. “இந்தக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்று” என்பதே தெளிவான கட்டளை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும்.

மூன்றாவதாக, நினைவூட்டல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கடிகார நேரத்தைவிட, அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு வேலையை இணைப்பது எளிது. நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பள்ளிக் காலணியின் அருகில் வைத்தால், காலணி அணியும்போது கிண்ணமும் கண்ணில் படும். உணவை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக முதல் நாள் இரவே அளந்து வைக்கலாம். சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தில் ‘இன்னும் வைக்கவில்லை’ என்றும் மறுபக்கத்தில் ‘வைத்தாயிற்று’ என்றும் எழுதலாம். உணவு வைத்தவர் அட்டையைத் திருப்பிவிட வேண்டும். இதனால் நாய் பட்டினி கிடப்பதும் இல்லை. இருமுறை உண்பதும் இல்லை.

நான்காவதாக, செய்த வேலையை உடனே பாராட்ட வேண்டும். செய்யாத வேலையைக் குறித்து நீண்ட சொற்பொழிவு ஆற்றுவதால் பயனில்லை. “படிக்காவிட்டால் நாயைக் கொடுத்துவிடுவேன்” என்று மிரட்டுவதும் தகாது. அத்தகைய மிரட்டல் பிள்ளையின் மனத்தில் அச்சத்தை வளர்க்குமே அன்றிக் கவனத்தை வளர்க்காது.

ஐந்தாவதாக, உடன்பிறந்தோரை நினைவிற்கொள்ள வேண்டும். தம்பி மறந்த வேலைகளெல்லாம் ஓசையின்றி அக்காளின் தலையில் விழுவது பல வீடுகளில் காணப்படும் நிலை. அவளுக்கும் படிப்பு உண்டு, ஓய்வு வேண்டும். மாற்று ஆளாகப் பெற்றோரே இருக்க வேண்டும். மகளின் பங்கை அவளைக் கேட்டே முடிவு செய்தல் முறையாகும்.

இங்கு இன்னொன்றையும் கருத வேண்டியுள்ளது. ஏ.டி.எச்.டி. குடும்பவழி வருவது மிகுதி. ஆகவே, தந்தைக்கோ தாய்க்கோ இதே தடுமாற்றம் இருக்கலாம். அத்தகைய வீட்டில் சுவர் நாள்காட்டியும் கைப்பேசி நினைவூட்டலும் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெரியவர்களுக்கும் தேவைப்படும். தடுப்பூசி நாள், பூச்சிமருந்து கொடுக்கும் நாள் ஆகியவற்றை நாய் வந்த அன்றே குறித்து வைத்தல் நலம்.

சட்டமும் பெரியவர்களையே நோக்குகிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏற்ற இருப்பிடம், தக்க உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை வழங்குவது உரிமையாளரின் கடமை என்று அது வரையறுக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். “பையன் மறந்துவிட்டான்” என்பது விலங்கின் பசிக்கு விடையாகாது.

ரிங்லெட்டுக்கு ஏற்ற தேர்வு

நாயும் பூனையும் மட்டுமே செல்லப்பிராணிகள் அல்ல. குடும்பத்தின் நேரம், இடம், வருமானம் ஆகியவற்றுக்கு ஏற்பத் தேர்வு அமைய வேண்டும். நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும், பூனை பதினைந்து ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடும். இன்று பதினொரு வயதுள்ள சிறுவன் வேலைக்குச் செல்லும் வயதிலும் அப்பூனை வீட்டில் இருக்கும். உணவு, தடுப்பூசி, கருத்தடை அறுவை, மருத்துவம் ஆகிய செலவுகளும் அதுவரை தொடரும்.

சிறு விலங்குகள் எளிதானவை என்று எண்ணுவதும் தவறாகும். ஹேம்ஸ்டர் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்கு ஏற்கெனவே உறக்கக் குறைவு உண்டு. பகலில் எழுப்பினால் அது கடிக்கும்; இரவில் ஓடினால் பிள்ளையின் உறக்கம் கெடும். முயலைத் தூக்கிக் கொஞ்சப் பிள்ளைகள் விரும்புவர். முயலோ தூக்கப்படுவதை அஞ்சும். திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். கினிப்பன்றி சாதுவானது, பகலிலும் பழகும். ஆனால், மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானாக உருவாக்காது. நாள்தோறும் பசுமையான காய்கீரை கொடுக்க வேண்டும். காய்கறி விளையும் ரிங்லெட்டில் அது கடினம் அன்று. பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவிக் கொடுத்தல் இன்றியமையாதது. வெப்பம் விரும்பும் மீன்களைவிடக் குளிர்ந்த நீரைத் தாங்கும் தங்கமீன் மலைப்பகுதிக்கு ஏற்றது. வீட்டின் பின்புறத்தில் இடமிருந்தால் இரண்டு மூன்று கோழிகளும் நல்ல தேர்வே. காலையில் முட்டை எடுப்பது பயன் உடனே தெரியும் வேலையல்லவா?

காட்டிலிருந்து பிடித்த பறவையையோ விலங்கையோ வளர்ப்பது கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல உயிரினங்களை உரிமமின்றி வைத்திருப்பதைத் தடைசெய்கிறது.

ரிங்லெட்டுக்கே உரிய சில ஆபத்துகளும் உள்ளன. கேமரன் மலையில் லில்லி மலர்கள் பயிரிடப்படுகின்றன. அம்மலரின் இதழோ இலையோ மகரந்தமோ சிறிதளவு உட்சென்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து போகும். மலர்த் தோட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருத்தல் ஆகாது. தேநீரிலும் தேயிலைத் தூளிலும் உள்ள காஃபின் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகும். ஆறிப்போன தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றுவதும், வடிகட்டிய தூளை நாய் எட்டும் இடத்தில் கொட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவையும் நாய்க்கு ஆகா. பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த ஏ.டி.எச்.டி. மாத்திரை செல்லப்பிராணியின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அதை மூடியுள்ள பெட்டியில் உயரமான இடத்தில் வைக்க வேண்டும்.

குடியிருப்பு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானதாயின், விலங்கு வளர்க்க முன் அனுமதி கேட்பது நல்லது. நாய்க்கு ஊராட்சி மன்றத்தில் உரிமம் பெற வேண்டும். லயத்து வீடுகளில் சுவருக்கு ஒரு பக்கம் ஒரு குடும்பமும் மறுபக்கம் இன்னொரு குடும்பமும் வாழ்கின்றன. பல்வேறு சமயத்தவர் அருகருகே வாழும் நாடு இது. அண்டை வீட்டாரின் உணர்வுகளை மதித்து, நாயை அவர்கள் வாசலில் அலையவிடாமல் பார்த்துக்கொள்வது நற்பண்பாகும்.

பாதுகாப்பும் முன்னோட்டமும்

எண்ணிப் பாராமல் சட்டென்று செயல்படும் பிள்ளைக்கும் அச்சம் கொண்ட விலங்குக்கும் இடையே விபத்து நேர்வது எளிது. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்னும் மூன்று விதிகளைப் படம் வரைந்து சுவரில் ஒட்டலாம். சிறு பிள்ளைகளை நாயோடு தனியே விடக் கூடாது. விலங்குக்கும் பிள்ளைகள் நுழையாத ஓர் ஓய்விடம் வேண்டும். நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2015ஆம் ஆண்டில் வடமாநிலங்களிலும் 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் அந்நோய் மீண்டும் தோன்றியது. பிள்ளை ஏச்சுக்கு அஞ்சிக் காயத்தை மறைத்துவிடாதபடி வீட்டில் நம்பிக்கையான சூழல் நிலவ வேண்டும்.

முடிவெடுக்கும் முன் முன்னோட்டம் பார்ப்பது அறிவுடைமை. ஊருக்குச் செல்லும் உறவினரின் பூனையை இரண்டு வாரங்கள் பார்த்துக்கொள்ளலாம். அண்டை வீட்டு நாயை மாலையில் உடன் நடத்திச் செல்லலாம். புதுமை குறைந்த பிறகு வீட்டின் நிலை எவ்வாறு உள்ளது என்பதை அந்த இரண்டாம் வாரம் காட்டிவிடும். அப்போது, ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று குடும்பம் முடிவு செய்தால் அது தோல்வி அன்று. பாட்டி வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போடும் பிள்ளையும், அண்டை வீட்டு நாயோடு விளையாடும் பிள்ளையும் விலங்கின் அன்பை இழப்பதில்லை.

விலங்கை ஏற்றுக்கொள்ளும் குடும்பம், அதன் பிரிவையும் ஒரு நாள் எதிர்கொள்ள நேரும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்கு உணர்வுகளை அடக்குவது கடினம். விலங்கு இறந்தால், “என் மறதியால்தான் இறந்தது” என்று பிள்ளை எண்ணிக் கலங்கக்கூடும். பெரியவர்கள் தொடக்கத்திலிருந்தே பொறுப்பைத் தம்மிடம் வைத்திருந்தால், “உன்னால் அன்று” என்று அப்போது உண்மையாகவே கூற முடியும்.

நாய்க்குட்டி மருந்தாகுமா என்னும் கேள்விக்கு, ஆகாது என்பதே விடை. மருத்துவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் செய்ய வேண்டிய வேலையை ஒரு நாய்க்குட்டியால் செய்ய இயலாது. ஆனால், அவ்வேலைகள் முறையாக நடைபெறும் வீட்டில், நாள்தோறும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஒரு நாயின் வாலாட்டலைப் பெறும் பிள்ளை, தன்னாலும் ஓர் உயிருக்கு நன்மை செய்ய முடியும் என்பதை உணர்கிறது. எப்போதும் குறையை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அவ்வுணர்வு சிறியது அன்று.

சிந்தித்து விடையளிக

1. சிகிச்சைக்குத் துணைபுரியும் விலங்குக்கும் வீட்டுச் செல்லப்பிராணிக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வைக் கொண்டு, ‘நாய் வளர்த்தால் ஏ.டி.எச்.டி. குணமாகும்’ என்று கூற முடியுமா? காரணங்களுடன் விளக்குக.
3. ‘மறதி வேறு, அன்பின்மை வேறு’ என்னும் கருத்தை உமது சொந்த வாக்கியங்களில் விளக்குக.
4. “பூனைக் கூண்டைச் சுத்தமாக வைத்துக்கொள்” என்னும் கட்டளையை ஐந்து சிறு படிகளாகப் பிரித்து எழுதுக.
5. ஏ.டி.எச்.டி. உள்ள தம்பிக்குச் செல்லப்பிராணி வாங்குவது குறித்து ஒரு குடும்பத்தினர் கலந்துரையாடுகின்றனர். தந்தை, தாய், அக்காள், தம்பி ஆகியோரின் கருத்துகள் இடம்பெறும் வகையில் உரையாடல் ஒன்றை எழுதுக.